ஆஃப்: அலாரம் அடித்தாலும் ஆஃப், விளக்கு அணைந்தாலும் ஆஃப். எப்படிப் பிரிப்பது?

#1 வால்மீன்

வணக்கம். சப்டைட்டில் குழுவுக்கான சொற்பட்டியல் ஒன்றைத் திருத்தும் வேலை. அதில் 'ஆஃப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே 'அணை, நிறுத்து' என்று மட்டும் போட்டிருக்கிறது. அதை நம்பிப் போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

'தி அலாரம் வென்ட் ஆஃப் அட் ஃபைவ்': பட்டியல்படி, ஐந்து மணிக்கு அலாரம் அணைந்தது. உண்மையில் அடித்தது.

'தி மில்க் ஹேஸ் கான் ஆஃப்': பால் அணைந்துவிட்டது! (கெட்டுப்போய்விட்டது.)

'வீ ஆர் ஆஃப்': நாங்கள் அணைந்துவிட்டோம். (கிளம்பிவிட்டோம்.)

ஒரே சொல் ஓரிடத்தில் தொடங்குவதையும் இன்னோரிடத்தில் நிற்பதையும் சொல்கிறது. ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதுதான் வழியா, இல்லை உள்ளே ஏதாவது கரு இருக்கிறதா?

#2 பனையோலை

கரு உண்டு. ஒட்டிக்கொண்டிருந்தது விட்டு விலகுவது, அவ்வளவுதான். அணைவதும் நிற்பதும் அதிலிருந்து பின்னால் கிளைத்தவை. சட்டையைக் கழற்றினால் உடம்பை விட்டு விலகுகிறது. விமானம் தரையை விட்டு விலகுகிறது. விலையில் ஒரு பகுதி விலகினால் தள்ளுபடி. மின்சுற்றில் தொடர்பு விலகினால் விளக்கு அணைகிறது. கடைசியாகச் சொன்னதைத்தான் உங்கள் பட்டியல் முதல் பொருளாக வைத்திருக்கிறது.

இன்னொன்று. ஒற்றை எஃப் போட்டு எழுதுகிற, '-உடைய' என்று பொருள் தரும் சொல்லும், இரட்டை எஃப் போட்டு எழுதுகிற இந்தச் சொல்லும் பிறப்பில் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். அழுத்தாமல் சொன்னபோது ஒலி தேய்ந்து 'அவ்' ஆனது. அழுத்திச் சொன்னது 'ஆஃப்' என்றே நின்றது. 17ஆம் நூற்றாண்டுவாக்கில்தான் எழுத்திலும் இரண்டு சொற்களாக நிலைபெற்றன. அதனால்தான் ஒற்றை எஃப் சொல்லை இன்றும் 'வ்' ஒலியோடு சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் எஃப் எழுதி 'வ்' என்று படிக்கும் விசித்திரம் இதில் மட்டும்தான்.

இதன் உறவுக்காரர்கள்: ஜெர்மனில் 'அப்', லத்தீனிலும் 'அப்', கிரேக்கத்தில் 'அபோ', சமஸ்கிருதத்தில் 'அப'. அந்த 'அப' வழியாகத் தமிழுக்குள் வந்த சொற்களைப் பாருங்கள். அபஸ்வரம் என்றால் உரிய இடத்தை விட்டு விலகிய ஸ்வரம். ஆங்கிலக்காரர் அதையே 'ஆஃப் கீ' என்கிறார். அபகரிப்பது எடுத்து விலக்கிக்கொண்டு போவது. அபாயம் இன்னும் வேடிக்கை: 'அப'வோடு 'போதல்' என்று பொருள்படும் வேர் சேர்ந்தது. விட்டுப்போதல், அழிதல், ஆபத்து என்று பொருள் நகர்ந்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'கோ ஆஃப்'தான்! ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்த ஊர் நாம், அலாரம் 'வென்ட் ஆஃப்' ஆனதற்கு முழிக்கிறோம்.

#3 வால்மீன்

ஐயா, அப்படியானால் அபயம், அபலை, அபத்தம் எல்லாமே இந்தக் கூட்டம்தானா?

#4 பனையோலை

இல்லை, அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அபயம் 'அ + பயம்', அபலை 'அ + பலம்', அபத்தம் 'அ + பத்தம்'. இவற்றில் இருப்பது 'இல்லை' என்று சொல்லும் 'அ'. முதல் இரண்டு எழுத்தை நீக்கிப் பாருங்கள்: கீர்த்தி, சகுனம், ஸ்வரம் என்று முழுச்சொல் மிஞ்சினால் 'அப' கூட்டம்.

ஆங்கிலத்திலும் இதே ஏமாற்று உண்டு. ஆபீஸ், ஆஃபர், அஃபெண்ட் எல்லாம் 'ஆஃப்'போடு பிறந்தவை போலத் தோன்றும். அவை லத்தீன் வழி வந்த வேறு சொற்கள். ஆனால் ஆட்டுக் குடல், ஈரல் முதலியவற்றைக் குறிக்கும் 'ஆஃபல்' நிஜமாகவே ஆஃப் + ஃபால்: வெட்டும்போது விலகி விழுவது. தொப்பியைக் கழற்றும் 'டாஃப்' என்பது 'டூ ஆஃப்' சுருங்கியது, அணியும் 'டான்' என்பது 'டூ ஆன்' சுருங்கியது.

#5 கல்லாறு

கரு சரி. ஆனால் சப்டைட்டில் போடுகிறவருக்கு வேர்ச்சொல் சோறு போடாது. 'வென்ட் ஆஃப்' வந்தால் இரண்டு நொடியில் முடிவெடுக்க வேண்டும். எழுவாயைப் பாருங்கள், வினையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எழுவாய் சக்தியை அடக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும் பொருளா? துப்பாக்கி, குண்டு, பட்டாசு, அலாரம், சைரன், கேமரா ஃப்ளாஷ், எலிப்பொறி. இவை 'வென்ட் ஆஃப்' ஆனால் அடக்கியது விடுபடுகிறது: வெடித்தது, அடித்தது, அலறியது, மின்னியது.

எழுவாய் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பொருளா? விளக்கு, விசிறி, ஏசி, கரண்ட். இவை 'வென்ட் ஆஃப்' ஆனால் நின்றது, அணைந்தது, போய்விட்டது.

அலாரம் ஏன் முதல் கூட்டத்தில் என்பதற்குச் சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் போதும். நேரம் காட்ட ஒரு சுருள்வில், அடிப்பதற்கென்று தனியாக இன்னொரு சுருள்வில். இரண்டாவதை முறுக்கி ஒரு கொக்கியால் பிடித்து வைத்திருப்பார்கள். குறித்த மணி வந்ததும் அலாரச் சக்கரத்தின் பள்ளத்தில் நெம்புகோல் இறங்கும், கொக்கி நழுவும், சுருள்வில் விடுபட்டுச் சுத்தியல் மணியை அடிக்கும். துப்பாக்கி விசையும் இதே வேலைதான் செய்கிறது. அதனால் இரண்டுக்கும் ஒரே பேச்சு.

மற்றவை: உணவுப்பொருள் 'வென்ட் ஆஃப்' என்றால் கெட்டுப்போனது. பாலுக்குத் திரிந்தது, சாம்பாருக்கு ஊசிப்போனது, மாவுக்குப் புளித்தது அல்ல, வீச்சமடித்தது. இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் 'வென்ட் பேட்' என்பார்கள். ஆள் எழுவாயாக வந்து பின்னால் செயப்படுபொருளும் இருந்தால் ('ஷீ வென்ட் ஆஃப் காஃபி') காபி மேல் இருந்த விருப்பம் போயிற்று என்று பொருள். நிகழ்ச்சி எழுவாயானால் ('தி வெட்டிங் வென்ட் ஆஃப் வெல்') கல்யாணம் நல்லபடியாக நடந்து முடிந்தது.

அலாரம் அடித்து ஓய்ந்ததைச் சொல்ல ஆங்கிலக்காரர் 'ஸ்டாப்ட்' என்பார், இல்லையென்றால் யாரோ அணைத்ததாக 'டர்ன்ட் ஆஃப்' என்பார். 'வென்ட் ஆஃப்' என்று சொல்லவே மாட்டார். அலாரத்தோடு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'அடித்தது' போடலாம்.

#6 உப்புக்காற்று

'அணை' என்ற சொல்லிலேயே ஒரு கதை இருக்குது கண்டியளோ. யாழ்ப்பாணத்தில 'லைற்றை நூருங்கோ' எண்டுதான் சொல்லுறது. நூர்த்தல் எண்டால் அணைத்தல். தென் தமிழ்நாட்டில 'விளக்கை அமத்து' எண்டுவினம். சுவாமி விளக்குக்கு இது ஒண்டும் வராது. 'விளக்கை மலையேத்து', 'குளிர வை' எண்டு மங்கலமாச் சொல்லவேணும். படத்தில பூசையறைக் காட்சி வந்து, பாத்திரம் கிழவி எண்டால் 'விளக்கை ஆஃப் பண்ணு' எண்டு போட்டுக் கெடுத்துப்போடாதேங்கோ.

சிங்கப்பூர், மலேசியாவில வேற மாதிரி. அங்கத்தைய பேச்சு ஆங்கிலத்தில 'ஆஃப்' தானே வினைச்சொல் ஆகிடும்: 'ஆஃப் தி லைட்', 'ஆன் தி ஃபேன்'. லண்டன்காரனுக்கு அது பிழையாத் தெரியும். 'டர்ன்' அல்லது 'ஸ்விட்ச்' முன்னால வரவேணும்.

#7 நாலுமுனை

சாதனக் கையேடு மொழிபெயர்ப்பவர்களுக்குச் சில சொற்கள். சப்டைட்டிலில் தப்பினால் சிரிப்பார்கள். கையேட்டில் தப்பினால் ஷாக் அடிக்கும்.

முதலில் குறிகள். ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வகுத்த 60417 தரத்தில் நெட்டுக்கோடு என்றால் ஆன் (எண் 5007), வட்டம் என்றால் ஆஃப் (5008). மேல்பக்கம் உடைந்த வட்டத்துக்குள் கோடு நுழைந்திருந்தால் அது ஸ்டாண்ட்பை (5009). இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் 'ஆஃப் பட்டன்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அது தவறு. ஸ்டாண்ட்பையில் டிவிக்குள் மின்சாரம் இருக்கும். ரிமோட்டின் கட்டளைக்காக ஒரு சுற்று விழித்திருக்கும். 'சுத்தம் செய்யும் முன் ஆஃப் செய்யவும்' என்று மூலத்தில் இருந்தால், அது சுவர் ஸ்விட்சையா, சாதனத்தின் பட்டனையா, பிளக்கைப் பிடுங்குவதையா என்று படத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே தமிழில் எழுத வேண்டும். பிளக்கைப் பிடுங்க வேண்டுமென்றால் 'பிளக்கைக் கழற்றவும்' என்றே எழுதிவிடுங்கள்.

அமெரிக்கக் கையேட்டில் 'ஸ்விட்சைக் கீழே தள்ளி ஆஃப் செய்யவும்' என்று இருந்தால் அதையும் அப்படியே கொண்டுவரக் கூடாது. அங்கே சுவர் ஸ்விட்ச் மேலே இருந்தால் ஆன். இங்கேயும் பிரிட்டனிலும் கீழே இருந்தால் ஆன்.

கேஸ் அடுப்பு இன்னும் ஆபத்து. 'இஃப் தி ஃப்ளேம் கோஸ் ஆஃப்' என்பதை 'அடுப்பு ஆஃப் ஆனால்' என்று எழுதியதைப் பார்க்கலாம். படிப்பவர் என்ன நினைப்பார்? அடுப்பு மூடியிருக்கிறது, பயமில்லை என்று. மூலம் சொல்வது அதற்கு நேர்மாறு: காற்றாலோ பால் பொங்கி வழிந்தோ சுடர் அணைந்துவிட்டது, குமிழ் திறந்தே இருக்கிறது, கேஸ் வந்துகொண்டிருக்கிறது. எனவே 'சுடர் அணைந்துவிட்டால் உடனே குமிழை மூடவும், பிறகு ரெகுலேட்டரையும் மூடவும், ஜன்னலைத் திறக்கவும், மின்சுவிட்ச் எதையும் தொட வேண்டாம்' என்று வர வேண்டும். சுடர் அணையும், குமிழும் குழாயும் மூடப்படும், மோட்டார் நிற்கும், சாதனம் மின்தொடர்பு இழக்கும். ஆங்கிலத்தில் நாலுக்கும் ஆஃப். தமிழில் நாலு வினை இருக்கும்போது ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்குவானேன்?

#8 கல்லாறு

#7க்கு ஒரு ஓட்டு.

இலக்கணம் கேட்டு இரண்டு பேர் தனிமடல் போட்டிருக்கிறார்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன். 'ஆஃப்' வினையோடு ஒட்டியதா, பின்னால் வரும் பெயரோடு ஒட்டியதா என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சோதனை எளிது: பெயரை எடுத்துவிட்டு 'இட்' போடுங்கள்.

'ரான் ஆஃப் தி ரோட்' என்பதில் 'ரான் ஆஃப் இட்' என்றுதான் வரும். 'ஆஃப்' சாலையோடு ஒட்டியது. வண்டி சாலையை விட்டு இறங்கி ஓடியது.

'ரான் ஆஃப் தி காப்பீஸ்' என்பதில் 'ரான் தெம் ஆஃப்' என்று நடுவில் நுழையும். 'ஆஃப்' வினையோடு ஒட்டியது. பிரதிகளை மடமடவென்று அச்சடித்தார்கள்.

'டர்ன் ஆஃப்' இரண்டு மாதிரியும் வரும். 'டர்ன் இட் ஆஃப்' என்றால் அணை. 'டர்ன் ஆஃப் இட்' என்றால் அந்தச் சாலையை விட்டு வேறு வழியில் திரும்பு. விளக்கைப் பற்றிப் பேசும்போது 'டர்ன் ஆஃப் இட்' என்று சொல்வது நம்மவர் அடிக்கடி செய்யும் பிழை. பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்.

#9 எட்டுப்பத்தி

செய்தி மேசைக்காரர்கள் வாயிலாகத்தான் 'ஆஃப்' தமிழில் அதிகம் அடிபடுகிறது. பெரிய விபத்துகள் மூன்று.

ஒன்று, 'ரைட் ஆஃப்'. வங்கிகள் இத்தனை ஆயிரம் கோடி 'கடன் தள்ளுபடி' என்று தலைப்புப் போடுகிறோம். தள்ளுபடி என்றால் வாங்கியவர் இனிக் கட்ட வேண்டாம். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்த 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அந்த வகை; ஆங்கிலத்தில் அது 'வெய்வர்'. 'ரைட் ஆஃப்' வேறு. வாராக்கடனுக்கு முழுத்தொகையும் ஒதுக்கீடு செய்து, நான்கு ஆண்டும் கடந்தபின் வங்கி அதைத் தன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுக்கிறது. கடன்காரரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. வழக்கும் ஏலமும் தொடரும். பணம் திரும்ப வந்தால் லாபத்தில் சேரும். 'கணக்கிலிருந்து நீக்கம்' என்று எழுதினால் போதும். நீளமாக இருக்கிறது என்பதற்காகத் தவறான சொல்லை வைக்க முடியாது. (கார் 'ரைட் ஆஃப்' ஆவது வேறு: பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இங்கே முழு இழப்பாகக் கணக்கிடுகிறார்கள்.)

இரண்டு, 'லே ஆஃப்'. அமெரிக்கக் கம்பெனிச் செய்தியில் இது வேலையை விட்டே அனுப்புவது: பணிநீக்கம், ஆட்குறைப்பு. இந்தியத் தொழில் சட்டத்தில் அப்படியில்லை. 1947 தொழில் தகராறுகள் சட்டம் தந்த வரையறைப்படி, நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் பற்றாக்குறையாலோ இயந்திரம் பழுதானதாலோ சரக்குத் தேங்கியதாலோ வேலை கொடுக்க முடியாத நிலைதான் 'லே ஆஃப்'. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும். தகுதியுள்ளவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடு. நிரந்தரமாக அனுப்புவதற்கு அந்தச் சட்டத்தில் 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்று தனிச்சொல். ஆகவே ஆலைச் செய்தியில் 'லே ஆஃப்' வந்தால் 'தற்காலிக வேலை மறுப்பு' என்ற பொருளில் எழுதுங்கள், ஐடி கம்பெனிச் செய்தியில் 'பணிநீக்கம்' என்று எழுதுங்கள். மாற்றி எழுதினால் ஆலை வாசலில் கூட்டம் கூடும்.

மூன்று, 'கால் ஆஃப்', 'புட் ஆஃப்'. முதலாவது முடித்துவிடுவது, இரண்டாவது தள்ளிவைப்பது. முதலாவதற்கும் ஒரே தமிழ்ச்சொல் ஒத்துவராது: கூட்டம் ரத்து, வேலைநிறுத்தம் வாபஸ், தேடுதல் பணி கைவிடப்பட்டது. 'புட் ஆஃப்' பொருளோடு வந்தால் ஒத்திவைப்பு. ஆளோடு வந்தால் ('தி ஸ்மெல் புட் மீ ஆஃப்') குமட்டியது, மனம் விட்டுப்போயிற்று.

#10 கணக்குப்பிள்ளை

'செட் ஆஃப்' விட்டுப்போச்சு. பயணத்தில் கிளம்பு, வெடியில் கொளுத்து, வருமான வரியில் ஒரு நஷ்டத்தை இன்னொரு லாபத்தோடு கழித்து ஈடுகட்டு. வரிப் படிவத்தை மொழிபெயர்க்கும்போது 'புறப்படு' என்று போட்ட இயந்திர மொழிபெயர்ப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

'பே ஆஃப்' மூன்று: கடனைக் கட்டி முடி, பட்ட பாட்டுக்குப் பலன் கிடை, வாயை மூடப் பணம் கொடு. மூன்றாவதில் செயப்படுபொருள் எப்போதும் ஆள்.

#11 எட்டுப்பத்தி

'கட் ஆஃப்' பற்றியும் யாராவது எழுதுங்கள். ஆங்கில அகராதியில் எல்லை, வரம்பு என்று இருக்கிறது. இங்கே பிள்ளைகள் 'என் கட் ஆஃப் 187' என்கிறார்கள். தப்பாகச் சொல்கிறார்களா?

#12 கணக்குப்பிள்ளை

தமிழ்நாட்டில் அது தனிப்பொருள் எடுத்துவிட்டது. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கு மாற்றி, மொத்தம் 200க்குப் போடும் கூட்டல்தான் 'கட் ஆஃப்'. கணிதம் 96, இயற்பியல் 90, வேதியியல் 92 என்றால் 96 + 45 + 46 = 187. இது மாணவரின் சொந்த மதிப்பெண். ஆங்கிலத்தில் 'கட் ஆஃப்' என்பது கல்லூரி போட்ட கோடு. அதற்குக் கீழே இருப்பவர் வெட்டுப்படுவார். கோடு கல்லூரிக்குச் சொந்தம், மாணவருக்கு அல்ல.

பேச்சில் தப்பில்லை, எல்லோருக்கும் புரிகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கு எழுதும் கடிதத்தில் 'மை கட் ஆஃப் இஸ் 187' என்று எழுதினால் மட்டும் அங்கே யாருக்கும் புரியாது. 200க்கு 187 என்று மொத்த மதிப்பெண்ணாக எழுத வேண்டும்.

#13 மூன்றாம்ஸ்லிப்

கிரிக்கெட்டை விட்டுவிட்டு 'ஆஃப்' இழையா?

வலக்கை ஆட்டக்காரர் பக்கவாட்டில் நிற்கும்போது முகம் பார்க்கும் பக்கம் ஆஃப், முதுகுப் பக்கம் லெக். இடக்கை ஆட்டக்காரர் வந்தால் மைதானமே கண்ணாடிபோல் புரண்டுவிடும். ஆஃப் என்பது திசை கிடையாது; ஆட்டக்காரரை வைத்து மாறும் பக்கம். ஆகவே வர்ணனையில் 'வலப்பக்கம்' என்று மொழிபெயர்க்கவே கூடாது.

ஆஃப் ஸ்பின் என்ற பெயர் பந்து புறப்படும் பக்கத்தைச் சொல்கிறது, போய்ச்சேரும் பக்கத்தை அல்ல. குத்திய பிறகு ஆஃபிலிருந்து உள்ளே திரும்புவது ஆஃப் பிரேக். இடக்கை ஆட்டக்காரருக்கு அதே பந்து வெளியே போகும். ஆனாலும் பெயர் ஆஃப் ஸ்பின்தான், வலக்கைக்காரரை வைத்துப் பெயரிட்டதால். முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டும் அஸ்வினின் 537 விக்கெட்டும் இந்தக் கணக்கில்தான் வரும்.

'சா ஆஃப் தி நியூ பால்' என்று கேட்டால் வழியனுப்பினார் என்று எழுதிவிடாதீர்கள். புதுப்பந்தின் ஆபத்தான ஓவர்களை விக்கெட் விழாமல் கடத்தினார் என்று பொருள்.

கால்பந்து 'ஆஃப்சைட்' வேறு குடும்பம் மாதிரி: எதிரணிப் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டி, கோல்கோட்டுக்கு அருகில் நிற்பது. த்ரோ-இன், கார்னர், கோல் கிக்கிலிருந்து நேராகப் பந்து வந்தால் அது குற்றமில்லை.

#14 உப்புக்காற்று

ஸ்லிப் அண்ணை, இங்க பிரிட்டனில கார் வைச்சிருக்கிற எங்கட சனத்துக்கு இன்னொரு 'ஆஃப்சைட்' இருக்கு. வருசாந்தக் கார்ச் சோதனை அறிக்கையில 'ஆஃப்சைட் ஃப்ரண்ட் டயர்' எண்டு வரும். சிலர் அதைப் பார்த்து இடப்பக்க டயரை மாத்திப்போட்டு வருவினம்.

குதிரை வண்டிக் காலத்துப் பேச்சு. வண்டிக்காரன் குதிரைக்கு இடப்பக்கம் நிண்டுதான் பிடிக்கிறது, ஏறுறது. அவனுக்குக் கிட்ட இருக்கிறது 'நியர்சைட்', தள்ளி இருக்கிறது 'ஆஃப்சைட்'. காருக்கும் அதே பேர் ஒட்டியிட்டுது: நடைபாதைப் பக்கம், அதாவது இடது, நியர்சைட், சாரதி இருக்கிற வலது ஆஃப்சைட். காருக்குள்ள இருந்து முன்னுக்குப் பார்க்கிற மாதிரி எடுக்கவேணும். முன்னால வந்து நிண்டு காரைப் பார்த்தால் மாறிடும். சுருக்கமா 'ஓ எஸ் எஃப்' எண்டால் வலது முன், 'என் எஸ் ஆர்' எண்டால் இடது பின்.

#15 நாலுமுனை

கடை விளம்பரத்துக்கு வருவோம். '10 சதவீதம் ஆஃப்' என்பதில் ஒரு எஃப் விழுந்தால் என்ன ஆகும்? 1,000 ரூபாய்ப் பொருளுக்கு இரட்டை எஃப் இருந்தால் 900 கட்ட வேண்டும். ஒற்றை எஃப் என்றால் 1,000இல் 10 சதவீதம், அதாவது 100. அச்சுப்பிழை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் இரண்டு முறை பாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பும் இங்கே அடிக்கடி சறுக்கும்.

'50 + 20 ஆஃப்' என்பதை '70 சதவீதத் தள்ளுபடி' என்று எழுதுவது கணக்குப் பிழை. முதலில் 1,000 பாதியாகி 500, அதிலிருந்து 20 சதவீதம் விலகி 400. ஆக 60 சதவீதம்தான்.

'ஒன் ஆஃப்' அடுத்த கண்ணி. இரட்டை எஃப் இருந்தால் 'ஒரே ஒரு முறை நிகழ்வது'. 'ஒன் ஆஃப் பேமென்ட்' என்றால் ஒருமுறை மட்டும் கட்டும் தொகை. ஒற்றை எஃப் என்றால் '-களில் ஒன்று'. 'கட்டணங்களில் ஒன்று' என்று மாற்றி எழுதிய படிவத்தைப் படித்தவர், அடுத்த மாதமும் கட்ட வேண்டுமோ என்று பயப்படுவார்.

#16 வால்மீன்

வானிலை அறிக்கையில் வரும் 'அலாங் அண்ட் ஆஃப் தமிழ்நாடு கோஸ்ட்'? எல்லோரும் 'தமிழகக் கடலோரப் பகுதிகளில்' என்று எழுதிவிடுகிறோம்.

#17 பனையோலை

அப்படி எழுதினால் பாதி தொலைந்துபோகிறது. 'அலாங்' கரையை ஒட்டி, 'ஆஃப்' கரையை விட்டு விலகிய கடல். கரையில் இருப்பவருக்கு முதலாவது போதும். படகில் போகிறவருக்கு இரண்டாவதுதான் உயிர். 'கரையோரத்திலும் அதையொட்டிய கடற்பகுதியிலும்' என்று வர வேண்டும்.

'ஆஃப்ஷோர்' இன்னும் வழுக்கும். கடலுக்குள் நாட்டும் காற்றாலை 'ஆஃப்ஷோர் விண்ட் ஃபார்ம்'. ஆனால் கடலோடிகளின் பேச்சில் 'ஆஃப்ஷோர் விண்ட்' என்றால் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, தரைக்காற்று. முன்னது இருக்கும் இடம், பின்னது போகும் திசை. சென்னை ஐடிக்காரரிடம் கேட்டால் மூன்றாவது சொல்வார்: அவர் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ்தான் ஆஃப்ஷோர், அமெரிக்க வாடிக்கையாளர் இருக்கும் இடம் ஆன்சைட். கரையிலேயே இருந்தும் கடலுக்கு அப்பால்!

#18 கல்லாறு

தமிழ் எழுத்தில் எழுதும்போது கூடுதல் சிக்கல் ஒன்று. ஆங்கிலத்தில் மூன்று தனிச்சொற்கள் நம்மிடம் 'ஆஃப்' என்ற ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. அணைக்கும் ஆஃப். 'யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்' என்பதில் வரும் '-உடைய' ஆஃப். ஹகரம் விழுந்த பாதி: ஆஃப் பாயில். இதனால் 'நாளைக்கு ஆஃப் டே' என்று குழுவில் செய்தி போட்டால் பாதிப் பேர் மதியம் வரைக்கும் வேலை என்று வருவார்கள், மீதிப் பேர் வரவே மாட்டார்கள். பாதியைக் குறிக்க 'ஹாஃப்' என்று எழுதுங்கள், அல்லது 'அரை நாள்' என்று தமிழிலேயே எழுதுங்கள், எழுத்தும் மிச்சம்.

எதிர்த்திசையும் உண்டு. நாம் ஆங்கிலம் என்று நினைத்துச் சொல்லும் 'மூட் ஆஃப்' ஆங்கிலக்காரர் வாயில் வராது. 'இன் எ பேட் மூட்' என்பார். 'ஆள் ஆஃப் ஆயிட்டான்' என்று போதையில் விழுந்தவனையும் பேச்சடங்கியவனையும் சொல்வது நம் சொந்தச் சரக்கு. தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் போடும்போது இவற்றை அப்படியே 'ஆஃப்' என்று தள்ளிவிட்டால் அவர்களுக்குக் கொலை நடந்தது போலத் தோன்றலாம், ஏனென்றால் அவர்களுடைய கொச்சையில் ஒருவரை 'ஆஃப்' செய்வது தீர்த்துக்கட்டுவது.

#19 வால்மீன்

எல்லோருக்கும் நன்றி. கல்லாறு அண்ணே, உங்கள் எழுவாய் விதியை உடைக்கும் வரி ஒன்று கையில் இருக்கிறது. ஓட்டல் தீ விபத்துக் காட்சி: 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப், அண்ட் தென் தி ஸ்ப்ரிங்க்ளர்ஸ் வென்ட் ஆஃப்.' ஸ்ப்ரிங்க்ளர் தண்ணீர் தெளிக்கும் சாதனம். அது ஓடும் பொருளா, காத்திருக்கும் பொருளா? முந்தைய பதிப்பில் 'விளக்குகளும் நீர்த்தெளிப்பான்களும் நின்றன' என்று இருக்கிறது.

#20 கல்லாறு

உடையவில்லை. கூரையில் உள்ள ஸ்ப்ரிங்க்ளர் தலையைப் பாருங்கள்: குழாய்க்குள் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும், வாயை ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் அடைத்துக்கொண்டிருக்கும். குமிழுக்குள் திரவம். சிவப்புக் குமிழ் என்றால் 68 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் திரவம் விரிந்து குமிழ் உடையும், அடைப்பு விலகும், தண்ணீர் பீறிடும். அலாரக் கொக்கியும் இதுவும் ஒரே ஜாதி.

'விளக்குகள் அணைந்தன. மறுகணம் கூரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது.'

இடம் போதாவிட்டால் 'மறுகணம்' எடுத்துவிடுங்கள்.